கல்யாண மைக்கில் மச்சான் சொன்னது

4-2-2009, புதன்

காலையில் கடும் பனி. எட்டு மணி வரை எதிர் டீக்கடை கூடத் தெரியவில்லை. ஹார்ன் ஸ்பீக்கர் எல்லாம் ஈரம். துடைத்து வெயிலில் வைத்தேன்.

கயல் கல்யாணத்துக்கு இன்னும் பதினோரு நாள். பாக்கி வேலை:
பத்திரிகை, குறிஞ்சிப்பாடிப் பக்கம் முழுக்க.
வீட்டுக்காரி சரோஜா ஜாக்கெட். தையல்காரர் இழுத்தடிக்கிறார்.
எனக்குச் செருப்பு.
நம்ம செட்டைச் சிதம்பரம் ஏற்றிப் போக வேன்.

மண்டபத்திலேயே மைக் செட் இருக்கிறது என்று மாப்பிள்ளை வீட்டில் சொன்னார்கள். இருக்கட்டும். முப்பது வருஷமாக ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் மைக் கட்டியவன், என் பெண் கல்யாணத்தில் எவனோ கட்டியதைக் கேட்டுக்கொண்டு உட்காருவேனா.

சாயங்காலம் திருப்பாதிரிப்புலியூரில் மச்சான் கூட்டம். ஊருக்கு அவன் ஒன்றியச் சேர்மன். எனக்கு ஏழாம் வகுப்பிலிருந்து மச்சான். சொந்தம் இல்லை, ஒரே பெஞ்சு.

இலங்கைச் சண்டை பற்றி விளக்கம் சொல்லும் கூட்டம். ஜனங்களுக்கு ஏகக் கோபம். அங்கே ஆஸ்பத்திரி மேலேயே குண்டு விழுகிறது, இங்கே பதவியில் இருப்பவர்கள் நிறுத்து என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று. பின்னால் ஒருவர் எழுந்தார். “சேர்மன், ஒன்றியத்துல ஒரு தீர்மானமாவது போடுங்களேன்.” மச்சான் துண்டை வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாற்றினான். நான் கட்சிப் பாட்டைப் போட்டேன். அதுதான் எங்கள் சைகை. இருபது வருஷ ஏற்பாடு. கேள்வி கேட்டவர் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது.

ஒரு மாதமாக அவன் தப்பிக்கும் விதம் எல்லாம் எனக்கு அத்துப்படி. முதலில் காய்ச்சல். அப்புறம் டெல்லி மேல் பழி. அப்புறம் எண்பத்து மூன்றில் அகதிகளுக்கு அரிசி வசூல் பண்ணிய கதை. அது பொய் இல்லை, நானும் கூடப் போனேன், மூட்டையை அவன்தான் தூக்கினான். எதுவும் பலிக்காவிட்டால் இரண்டு நிமிட மௌன அஞ்சலி. மௌனத்தில் யார் கேள்வி கேட்பது? முடிந்ததும் நன்றி வணக்கம், கார் கிளம்பிவிடும். கெட்டிக்காரன். சிரிப்பும் வருகிறது, கஷ்டமாகவும் இருக்கிறது.

6-2, வெள்ளி

சிதம்பரம். பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன், முழங்கால் வலி.

மேல வீதியில் வக்கீல்கள் பந்தல். போரை நிறுத்தச் சொல்லி உண்ணாவிரதம். மாப்பிள்ளை அன்பு அங்கேதான் இருந்தார். அவர் முறை நாளைக்காம். டீ வாங்கிக் கொடுத்தார். நல்ல பிள்ளை. சட்டையில் இங்க் கறை.

“மாமா, பத்திரிகையில சேர்மன் தலைமைன்னு போட்டிருக்கீங்க. வரட்டும். தாலிய எடுத்துக் குடுக்கட்டும். எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா மைக்குல அவரை ஒரு கேள்வி கேப்பேன்.”

“கல்யாணத்துலயா?”

“வேற எங்க மாமா கேக்கறது? கல்யாணத்துக்கும் கருமாதிக்கும்தான் அவுங்க வர்றாங்க.”

சுர்ரென்று கோபம். அதற்கு மேல் ஒன்று சொன்னார். “துண்ட மாத்துனா பாட்டு போட்டுருவீங்களாம். கயல் சொல்லுச்சு. போடாதீங்க மாமா.”

தொழில் ரகசியத்தைக் கல்யாணத்துக்கு முன்னாலேயே சொல்லிவிட்டாள் கழுதை.

“பாத்துக்கறேன்” என்றேன்.

9-2, திங்கள்

மச்சான் வீட்டுக்கு வந்தான். காடாம்புலியூர் முந்திரி ஒரு பை நிறைய, பாயசத்துக்கு. கயல் தலையில் கை வைத்தான். அவள் கேட்டாள், “எங்க கல்யாணத்துலயும் பாட்டு உண்டா பெரியப்பா?” அசடு வழிந்தான்.

அவள் உள்ளே போனதும் என்னிடம். “மாப்ள பந்தல்ல உக்காந்திருக்காராமே.”

“ஆமா.”

“எலெக்‌ஷன் வருது. மேலேந்து சொல்லிட்டாங்க, சண்டையப் பத்தி எவனும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு. தொறந்தா என் கத அதோட முடிஞ்சுது மச்சான். மைக் உன் கையிலதான?”

“பாத்துக்கறேன்” என்றேன்.

அவன் போன பிறகு சரோஜா கேட்டாள். “அவர்கிட்டயும் பாத்துக்கறேன், மாப்ளகிட்டயும் பாத்துக்கறேன். எப்படிங்க பாப்பீங்க? இந்தக் கண்ணால ஒருத்தரு, அந்தக் கண்ணால ஒருத்தரா?”

செருப்பு வாங்கக் கிளம்பிவிட்டேன். ஒரு நம்பர் சின்னது.

13-2, வெள்ளி

வேன் ஏற்றியாயிற்று. ஆம்ப்ளிஃபையர் 2, மைக் 3, ஹார்ன் 4, பாக்ஸ் 2, ஒயர் ஒரு மூட்டை. ஜாக்கெட் வந்தது, கை இறுக்கம். சரோஜா அழுதாள். ஜாக்கெட்டுக்கு இல்லை என்று தெரியும்.

16-2, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. கல்யாணம் முடிந்தது.

பட்டு வேட்டியோடு ஆம்ப். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சரோஜா மூன்று தரம் ஆள் அனுப்பினாள், மேடைக்கு வரச் சொல்லி. போய் நின்றேன், திரும்பி வந்தேன், போய் நின்றேன். ஐயர் இல்லாத கல்யாணம். மச்சான் தாலியை எடுத்துக் கொடுத்தான், அன்பு கட்டினார். கண் கலங்கிவிட்டது. ஒயரைச் சரி பார்ப்பது போலக் குனிந்துகொண்டேன்.

மச்சான் வாழ்த்திப் பேசினான். அவனுடைய முதல் தேர்தல் கூட்டத்தில் மூன்று வயதுக் கயல் மைக்கைப் பிடுங்கி “அப்பா, மூச்சா” என்று சொன்ன கதை. மண்டபமே சிரித்தது. கயலுக்கு முகம் சிவந்துவிட்டது.

அப்புறம் அன்பு மைக்கை வாங்கினார். கழுத்தில் மாலை. மரியாதையாகத்தான் கேட்டார்.

“ஐயா, போரை நிறுத்தச் சொல்லி நம்ம ஒன்றியத்துல ஒரு தீர்மானம் போடுவீங்களா? போடுவேன், போட மாட்டேன். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க, போதும்.”

துண்டு இடது தோளுக்குப் போனது.

என் விரல் பட்டன் மேல். நாதஸ்வரம் தயாராக இருந்தது. கயல் என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, முறைக்கவில்லை, சும்மா பார்த்தாள். நான் அழுத்தவில்லை.

துண்டு வலது தோளுக்கு வந்து மறுபடியும் இடது தோளுக்குப் போனது. நான் அழுத்தவில்லை.

மச்சானுக்கு வேர்த்துவிட்டது. கை தானாக மைக்கைப் பிடித்தது. “எல்லாரும் எழுந்து நின்னு, ரெண்டு நிமிஷம் மௌனமா” என்று ஆரம்பித்தான். பாதி மண்டபம் எழுந்தேவிட்டது. சரோஜா மேடையிலிருந்து சொன்னாள், “அண்ணே, இது கல்யாண வீடு.” எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். அவன் மட்டும் நின்றான்.

அப்புறம் சொன்னான். சத்தமே இல்லாமல்.

“போடணும்னுதான் தம்பி இருக்கு. பயமா இருக்கு.”

சத்தமில்லாமல் சொன்னாலும் என் மைக் விடுமா. வாசலில் நாலு ஹார்ன். தெரு முழுக்கக் கேட்டது. யாரும் கை தட்டவில்லை, கூச்சல் போடவும் இல்லை. அன்பு அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “இவ்ளோ நாள்ல உண்மைய சொன்னது நீங்க ஒருத்தர்தான் மாமா.” ஐயா, மாமா ஆகிவிட்டான்.

பந்தியில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தான். என் இலை அப்பளத்தை எடுத்துத் தின்றான்.

17-2, செவ்வாய்

பேப்பரில் வந்துவிட்டது. “தீர்மானம் போட பயமாக இருக்கிறது: ஒன்றியச் சேர்மன்.” மூன்றாம் பக்கம், கட்டம் கட்டி.

டீக்கடையில் திட்டுவார்கள் என்று பயந்தபடி போனேன். திட்டவில்லை. “பரவால்லப்பா, ஆளு ஒத்துக்கினாரு” என்றார் ஒருவர். நேற்று வரை அவனைக் கிழி கிழி என்று கிழித்தவர்.

மச்சான் போன் ஆஃப். நாலு தரம் அடித்தேன். மேலிடத்தில் கூப்பிட்டுவிட்டார்கள் என்று பேச்சு.

வீடு வெறிச்சென்று இருக்கிறது. கயல் சாப்பிட்ட தட்டு கழுவாமல் அங்கேயே இருக்கிறது.

18-2, புதன்

பதினோரு மணிக்கு மச்சான் கடைக்கு வந்தான். கார் இல்லை, டிரைவர் இல்லை, பழைய ஸ்கூட்டர். சட்டைப் பையிலிருந்து டைப் அடித்த தாள் ஒன்றை எடுத்தான். மேலே இருப்பவர்கள் எழுதிக் கொடுத்ததாம்.

‘திருமண மண்டபத்தில் எங்கள் ஒலிபெருக்கி பழுதாகி பாதியில் நின்றுவிட்டதால், சேர்மன் பேசியதன் பிற்பகுதி யாருக்கும் கேட்கவில்லை.’ கீழே, இப்படிக்கு என்று போட்டு என் பெயர்.

“பிற்பகுதின்னா என்ன மச்சான்?”

“அத அவுங்களே எழுதிக்குவாங்களாம்.”

முப்பது வருஷத்தில் என் செட் பாதியில் நின்றது இல்லை. சுனாமிக்கு அப்புறம் முகாமில் பத்து நாள் ஜெனரேட்டரில் ஓடியது, காணாமல் போனவர்கள் பெயரைப் படித்துக்கொண்டே இருந்தோம். ஒரு தடவை கூட நிற்கவில்லை. ஊருக்கே தெரியும்.

“ஒனக்கு இஷ்டம் இல்லன்னா வேணாம்” என்றான். இதையே மூன்று தடவை சொன்னான். என் முகத்தைப் பார்க்காமல், மேலே தொங்கும் ஹார்ன்களைப் பார்த்துக்கொண்டு.

எங்கம்மா செத்தபோது விடாத மழை. சொந்தக்காரர்கள் எல்லாம் வெள்ளம் வடியட்டும் என்றார்கள். இடுப்பளவு தண்ணீரில் பாடைக்கு முன்னால் தோள் கொடுத்தவன் இவன். இவன் பிழைப்பு போகட்டும் என்று விடுவதா. கல்யாணத்தில் ஒரு தடவை கைவிட்டாயிற்று, அதுவே உறுத்திக்கொண்டிருக்கிறது.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

கையெழுத்தை ரொம்ப நேரம் பார்த்தான். மடித்துப் பையில் வைத்தான். டீ வேண்டாம் என்றான். வெயிலில் போய்விட்டான்.

20-2, வெள்ளி

மறுப்பு வந்துவிட்டது. பிற்பகுதியையும் எழுதிவிட்டார்கள். ‘இளைஞர்கள் பட்டினி கிடந்து உடம்பைக் கெடுத்துக்கொள்வார்களோ என்றுதான் பயமாக இருக்கிறது’ என்று சேர்மன் பேசினாராம். ஒலிபெருக்கி பழுது. கீழே என் பெயர், கடைப் பெயர்.

குறிஞ்சிப்பாடியிலிருந்து போன். ஞாயிற்றுக்கிழமை காதுகுத்துக்கு வேற செட் பார்த்துக்கொண்டார்களாம். “தப்பா நெனச்சுக்காதீங்க, நடுவுல நின்னுட்டா அசிங்கம் பாருங்க.”

சாயங்காலம் கயல். “ஏம்ப்பா?” அவ்வளவுதான் கேட்டாள். மூக்கை உறிஞ்சும் சத்தம். போனை அன்பு வாங்கினார்.

“மாமா, உங்க மைக் நல்லாதான் இருந்துச்சு. எனக்குத் தெரியும். நீங்க சாப்பிட்டீங்களா?”

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. சரோஜா இரண்டு நாளாக என்னிடம் சாப்பாட்டுப் பேச்சு தவிர வேறு பேசுவதில்லை.

சும்மா ஒரு ஆம்ப்.பை எடுத்து டெஸ்ட் பண்ணினேன். ஒரு குறையும் இல்லை.

22-2, ஞாயிறு

வெயில் ஏறிவிட்டது. பனி போயே போச்சு. காதுகுத்து இல்லாததால் வீட்டில்.

பத்து மணிக்கு மச்சான் வந்தான். மூன்று நாள் தாடி. பதவிக்கு ஒன்றும் ஆகவில்லை, மேலே எல்லாம் சரியாகிவிட்டதாம். நான் சந்தோஷப்படுவதா என்று யோசிப்பதற்குள் கேட்டான்.

“ஏன்டா கையெழுத்துப் போட்ட?”

“நீதான கொண்டாந்த.”

“கொண்டாந்தேன். நீ மாட்டேன்னு சொல்லுவன்னு நம்பித்தான கொண்டாந்தேன். செட்டுக்காரன் எழுதித் தரமாட்டேங்கறான், நான் என்ன பண்றதுன்னு மேல சொல்லிட்டு, சொன்னது சொன்னதுதான்னு நின்னுருப்பேன். இஷ்டம் இல்லன்னா வேணாம்னு மூணு தடவ சொன்னேனே, ஒனக்கு ஏறலையா?”

எனக்கு ஆத்திரம் வந்தது.

“அப்ப அந்த ‘மாட்டேன்’ங்கறத நீயே சொல்லித் தொலைக்கறதுதான?”

“எனக்குத்தான் பயம்னு மைக்குலயே சொல்லிட்டேனேடா.”

சரோஜா சாப்பிடக் கூப்பிட்டாள். அவன் அசையவில்லை, நானும் அசையவில்லை. ஐம்பத்தாறு வயது ஆகிறது. ஒரே ஒரு மாட்டேன் சொல்ல ரெண்டு பேரில் ஒருத்தனுக்கும் துப்பில்லை.