செம்பழுப்புக் குதிரையின் காது நுனி

மார்ச் 1, ஞாயிறு

மதியச் சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், மாமியார், கொழுந்தன், அவன் மனைவி. ஆறாவதாகக் குதிரை. போட்டி அடுத்த ஞாயிறு. தூசி தட்ட எடுத்தவள் அலமாரியில் திருப்பி வைக்க மறந்துபோனேன்.

"அதுக்கும் ஒரு தட்டு வச்சிடு" என்றார் மாமியார்.

"சாப்பிடக் கூப்பிட்டாலும் வராதும்மா, அதுக்குத்தான் காது தேஞ்சுபோச்சே" என்றார் இவர். கொழுந்தனுக்குப் புரை ஏறியது.

நானும் சிரித்தேன். உள்ளே சுருக்கென்றது. ஒரு சாண் உயரப் பிளாஸ்டிக் குதிரைதான். செம்பழுப்பு உடம்பு, கறுப்புப் பிடரி. அந்த அச்சில் இப்போது யாரும் வார்ப்பதில்லை. பொம்மைக் குதிரைச் சங்கத்தின் போட்டியில், 'கம்பெனி வண்ணம்' பிரிவில், மூன்று வருடமாக இரண்டாம் இடம். நடுவர் எழுதும் குறிப்பும் மாறுவதில்லை: காது நுனி இரண்டிலும் சாயம் தேய்ந்து வெள்ளை தெரிகிறது. இந்த வருடமும் அதே கதைதான் என்று மேசையில் புலம்பித் தள்ளினேன். அந்த ரெண்டு புள்ளி மட்டும் இல்லேன்னா, அந்த ரெண்டு புள்ளி மட்டும் இல்லேன்னா – கேட்பவர்களுக்கு அலுத்திருக்கும்.

ஓரகத்தி பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாள். பல் செட் செய்யும் லேப்பில் இருந்தவள். பக்கத்துப் பல்லின் நிறத்துக்கு ஒத்துப்போகும்படி பொய்ப்பல்லுக்குச் சாயம் ஏற்றுவது அவள் வேலை. லேப்பை மூடிவிட்டார்கள். இங்கே வந்து சேர்ந்ததிலிருந்து, கேட்டதற்கு மட்டும் பதில். கொழுந்தன் அவளைப் பார்க்கும் பார்வையில் பயம் தெரிகிறது. அவள் பெயரைச் சொல்லித்தான் தினமும் என் ஜெபம் முடிகிறது.

மார்ச் 3, செவ்வாய்

மதியம் பிரார்த்தனைக் கூட்டம். திரும்பியபோது ஓரகத்தி தானாக எழுந்து வந்து கதவைத் திறந்தாள். "வெயில்ல வந்திருக்கீங்க, உக்காருங்கக்கா" என்றாள். ஆண்டவனே, நன்றி.

மார்ச் 4, புதன்

நன்றி சொன்ன வாய் இன்று அடைத்துப்போயிற்று.

குதிரையைப் பெட்டியில் வைக்க எடுத்தேன். காது நுனி முழுசாக இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தேன். வெள்ளை இல்லை. செம்பழுப்பு மேலே போகப் போகக் கருத்து, நுனியில் புகைபோல முடிகிறது. பழைய சாயம் எங்கே நின்றது, புதுச் சாயம் எங்கே ஆரம்பித்தது – எனக்கே தெரியவில்லை.

பின்னால் அவள் நின்றிருந்தாள். "தெரியுதாக்கா?"

"எது?"

"அப்ப தெரியல" என்றாள். சிரித்தாள். இந்த வீட்டுக்கு வந்தபின் அவள் பல்லை இன்றுதான் பார்க்கிறேன்.

'நல்லா இருக்கும்மா' என்று என் வாய்தான் சொன்னது. பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றேன்.

கம்பெனி வண்ணம் என்றால் கம்பெனியை விட்டு எப்படி வந்ததோ அப்படி. தேயலாம், வெளுக்கலாம். ஒரு மயிரிழை தூரிகை பட்டால் அந்தப் பிரிவில் அதற்கு இனி இடமில்லை. அடுத்த வருடமும் இல்லை, எப்போதும் இல்லை. இது சங்கத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அவளுக்கு எப்படித் தெரியும்? நான் எங்கே சொன்னேன்? புலம்பத்தான் செய்தேன்.

மார்ச் 5, வியாழன்

தையற்கடைக்குப் போனேன். கடைக்காரர்தான் சங்கச் செயலாளர். யாரோ தெரிந்தவர்களுடைய குதிரை என்று சொல்லி, மேலே பூசிய சாயத்தை எடுக்க முடியுமா என்று கேட்டேன்.

"அசிட்டோன்ல துடைச்சா போயிடும். கூடவே பழைய சாயமும் போயிடும். அப்புறம் காது மட்டும் தேஞ்சிருக்காது, மண்டையும் தேஞ்சிருக்கும்."

"சொல்லாம வச்சா?"

கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "வேலை சுத்தமா இருந்தா யாரும் கண்டுபிடிக்க முடியாது. என்னைக்காவது கண்டுபிடிச்சா, தெரிஞ்சவங்களை அப்புறம் மேசைப் பக்கமே சேர்க்க மாட்டோம். சீரமைச்ச குதிரைக்குன்னு தனிப் பிரிவு இருக்கே, அதுல வைக்கச் சொல்லுங்க. எங்க தொட்டது, யார் தொட்டதுன்னு அட்டையில எழுதணும்." கொஞ்சம் நிறுத்தி, "தெரிஞ்சவங்க நல்லாத் தூங்குறாங்களா?" என்றார்.

மார்ச் 6, வெள்ளி

இவரிடம் சொன்னேன். "பேசாம பழைய இடத்துலயே வை. ஜெயிச்சா உனக்கும் சந்தோஷம், அவளுக்கும் சந்தோஷம். யார் குடி கெட்டுச்சு?"

"ஆண்டவனுக்குத் தெரியுமே."

"அவருக்கு உன் குதிரையைத் தவிர வேற வேலை இல்ல பாரு."

சிரிப்பு வரவில்லை. அவளிடம் சொன்னால் என்ன ஆகும்? மாதக்கணக்கில் கிடந்து எழுந்தவள் முதலில் செய்த காரியம் இது. 'நீ கெடுத்துட்டே' என்று எந்த வாயால் சொல்வது? ஆனால் என் வயிறும் எரிகிறதே. என் குதிரை. துடைத்துத் துடைத்து வைத்திருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன், நல்லவள் வேஷம் வேண்டாம்.

பொய் சொல்லாதிருக்க அருள் கேட்டேன். அதே மூச்சில், உண்மையைச் சொல்லாமல் தப்பவும் ஒரு வழி கேட்டேன். வீட்டுக் கணக்கில் கூட்டல் இரண்டு தடவை பிசகியது.

மார்ச் 7, சனி

"நானும் வர்றேன்க்கா" என்கிறாள். புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள். கொழுந்தன் சமையலறைக்கு வந்து, "அண்ணி, என்ன மருந்து குடுத்தீங்க?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.

இப்போது சொல்லலாம். இஸ்திரி முடியட்டும். சாப்பிட்டபின் சொல்லலாம்.

சொல்லவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதிவு மேசையில் அட்டை கொடுத்தார்கள். பேனா கையில், அவள் பக்கத்தில். கம்பெனி வண்ணம் என்று எழுதக் கை போகவில்லை. 'சீரமைத்தது' என்று எழுதினேன். தொட்ட இடம்: இரு காது நுனி. தொட்டவர்: அவள் பெயர்.

எட்டிப் படித்தாள். "என் பேரு எதுக்குக்கா?"

மேசைக்காரப் பெண் வெள்ளை மனத்தோடு, "இது கம்பெனி வண்ணப் பிரிவுல இருந்த குதிரையாச்சே, இனிமே அதுல வைக்க முடியாதுல்ல" என்று விளக்கிவிட்டாள். வரிசையில் பின்னால் நாலைந்து பேர்.

ஓரகத்தி என்னை வெளியே இழுத்துப் போகவில்லை. அங்கேயே நின்று, சத்தம் உயராமல் கேட்டாள்: "புதன்கிழமையே தெரியும்ல உங்களுக்கு?"

"தெரியும்."

"நாலு நாளா என்னைச் சிரிக்க விட்டு வேடிக்கை பாத்திருக்கீங்க. வீட்டுல வச்சு ரெண்டு திட்டுத் திட்டியிருந்தா வாங்கிட்டுப் போயிருப்பேன்."

"உன் மனசு நோகக் கூடாதுன்னு–"

"இப்ப நோகலையா?"

படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். கூட உட்காரவும் தைரியம் இல்லை, விட்டுப் போகவும் மனமில்லை. வாசலுக்கும் படிக்கும் நடுவே நின்றேன்.

நடுவர் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவரம்மா. அட்டையைப் படித்தார், காதைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் படித்தார். விளக்கைக் கிட்டே இழுத்தார். மூன்றாம் இடம். முடிந்தபின் என்னைக் கூப்பிட்டு, "காது கண்டே பிடிக்க முடியல. குளம்பு தேஞ்சிருக்கே, அதை ஏன் விட்டீங்க? சரி பண்றதுன்னா முழுசாப் பண்ண வேண்டாமா?" என்றார்.

ஏனென்றால் நான் குளம்பைப் பற்றிப் புலம்பவில்லை. இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

பஸ்ஸில் அவள் வேறு இருக்கையில் உட்கார்ந்தாள்.

மார்ச் 9, திங்கள்

காலையில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மாமியார், "ஒரு பொம்மைக்கா இத்தனை?" என்றார். கொழுந்தன் என் முகத்தைப் பார்க்காமல் கிளம்பிப் போனான். இரண்டு திட்டாவது திட்டியிருக்கலாம்.

உண்மையைச் சொன்னேன் என்று இருந்தேன். உண்மையைச் சொல்ல நாலு நாள் இருந்தது, நான் அதை ஓர் அட்டையிடம் சொன்னேன்.

மார்ச் 16, திங்கள்

அவளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. இரண்டு தடவை போன் செய்தேன். அவள் அம்மா எடுத்து, "தூங்குறா" என்றார்.

மார்ச் 20, வெள்ளி

இன்று சாயங்காலம் அவளிடமிருந்து செய்தி. நலமா என்றுகூட இல்லை. இவ்வளவுதான்: 'குதிரையை ஜன்னல் பக்கம் வைக்காதீங்க. என் சாயம் வெயில்ல வெளுக்கும், பழைய சாயம் அவ்வளவு வெளுக்காது. அப்புறம் வித்தியாசம் தெரிஞ்சிடும்.'

உடனே எடுத்து உள் அலமாரிக்கு மாற்றினேன். பிறகு முழங்காலில் நின்றேன். கேட்க எதுவும் தோன்றவில்லை.

மார்ச் 21, சனி

நடுவரம்மா வீடு தேடி வந்தார். கையில் துணி சுற்றிய குதிரை. சாம்பல் நிறம், உடம்பெல்லாம் புள்ளி. இடது முன்கால் முழுக்கச் சாயம் உரிந்திருக்கிறது. "அந்தப் பொண்ணு எங்க?" என்றுதான் உள்ளே வந்தார். ஊரில் இல்லை என்றேன். எப்போது வருவாள் என்றார். எனக்குத் தெரியாது என்று உண்மையைச் சொன்னேன். இந்தத் தடவை அன்றைக்கு அன்றே.

மார்ச் 22, ஞாயிறு

அவளுக்கு எழுதி அனுப்பியதை இங்கே படி எடுத்து வைக்கிறேன்.

'புதன்கிழமையே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். நீ வருத்தப்படுவாய் என்பதைவிட, நீ வருத்தப்படுவதை நான் பார்க்க வேண்டிவருமே என்றுதான் பயந்தேன். நீ கேட்டது நியாயம்.

நடுவரம்மா தன் குதிரையைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். சாம்பலில் புள்ளி போட்டது. முன்கால் ஒன்றில் சாயம் போய்விட்டது. அவர் போட்டியில் வைப்பதில்லையாம், தன் மேசைக்குத்தான். அதனால் தொட்டால் எதுவும் கெடாது, கேட்டுத் தெரிந்துகொண்டேன். கூலி உன்னிடமே பேசிக்கொள்வாராம். சரியென்றோ இல்லையென்றோ நான் உனக்காகச் சொல்லவில்லை. முடியாது என்றால் அதையே சொல், திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

வியாழக்கிழமை வந்து கேட்பார். அதற்குள் ஒரு வரி பதில் போடு.'