நீவக்கூடாத கால்

12.9.87, சனி
செவ்வந்திக்குப் பிரசவமாகி ஐந்தாம் நாள். ஆண் குழந்தை. தீட்டு கழியும்வரை வடக்கனந்தலில் மாமனார் வீட்டு வாசலோடு நான் சரி. கள்ளக்குறிச்சியில் கம்பவுண்டர், ஊருக்கெல்லாம் ஊசி போடுகிறவன். பெண்டாட்டி முகத்தை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வருகிறேன்!

15.9.87
செவ்வந்திக்கு இடது கால் வீங்கியிருக்கிறதாம். "தொடையெல்லாம் விண்ணு விண்ணுனு வலிக்குது. தொட்டா சூடா கீதுங்க" என்றாள். நாளை முதல் வேலையாக டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

16.9.87
டாக்டரிடம் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டார். பிள்ளை பெற்ற உடம்பு, ரத்தப்போக்கை நிறுத்த ரத்தத்தை உறையவைக்கும் பொருள்களைக் கூடுதலாகச் சுரக்குமாம். காலில் ரத்தக் குழாய்க்குள்ளேயே அது உறைந்துபோனால் இந்த வீக்கம், இந்தச் சூடு. "யோவ் வீரமணி, எண்ணெய் போட்டு நீவிடப் போறாங்கய்யா. கட்டி பிச்சிக்கினு நுரையீரலுக்குப் போச்சுன்னா அவ்ளோதான்" என்றார். காலையில் அவளைப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கார் பேசியாயிற்று.

சாயங்காலம் போய் மாமனாரிடம் சொன்னேன். மாமியார் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார். மகள் தொடையைப் பற்றி அவரிடம் நேரே எப்படிப் பேசுவது? "காலை யாரும் நீவ வேணாம் மாமா. அத்தைகிட்ட சொல்லிடுங்க." "சரிங்க மாப்ள" என்றார். சொல்லிவிடுவார்.

17.9.87
இட ஒதுக்கீட்டு மறியல் இன்றைக்குத் தொடங்கிவிட்டது. சாலையெல்லாம் புளியமரங்களை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். மறியல்காரர்களைக் கையெடுத்துக் கும்பிட்டேன். "பச்ச ஒடம்புக்காரியா? அப்பவே சொல்லக்கூடாதாங்க?" என்று பத்துப் பேர் சேர்ந்து மரத்தைப் புரட்டிக் காருக்கு வழிவிட்டார்கள். அழுதுவிட்டேன்.

பதினொரு மணிக்கு மாமனார் வீடு. வாசலிலேயே விளக்கெண்ணெய் வாசம். மாமியார் கதவுக்குப் பின்னாலிருந்து, சந்தோஷமாக — "விடிகாலைலருந்து நீவி வுட்டேங்க. வலி கம்மியாயிடுச்சி."

மாமனாரைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டார். "பொம்பளைங்க சமாச்சாரம்... எப்டிங்க சொல்றது?"

அவரைச் சொல்லி என்ன? எனக்கு வாயில் கொழுக்கட்டையா? அந்தக் கதவைத் தள்ளி ஒரு வார்த்தை — ஒரே வார்த்தை — கத்தியிருக்கலாமே!

செவ்வந்தி தானே நடந்து வந்து காரில் ஏறினாள். உட்கார்ந்ததும் "மூச்சு அடைக்குதுங்க" என்றாள்.

18.9.87
எழுத முடியவில்லை.

26.9.87
பையனுக்குப் பால் பவுடர் வாங்கி வந்தேன். எத்தனை ஸ்பூன் போடுவது என்று மாமியார் கேட்டார். எதிரே உட்கார்ந்து கரைத்துக் காட்டினேன். வெந்நீர், புட்டி, எல்லாவற்றையும் பற்றிப் பேசினோம். நேருக்கு நேர். அரைமணி நேரம்.