உலக்கைக்கு அந்தப் பக்கம்

ஐப்பசி 4, செவ்வாய்

காலையிலிருந்து மூடுபனி. பத்து மணிக்குக்கூட எதிர்மேட்டுப் பலாமரம் தெரியவில்லை. மிளகுக் கொடி இரண்டு சாய்ந்துவிட்டன, கட்ட வேண்டும். முழங்காலுக்கு எண்ணெய் தீர்ந்தது.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, மருமகள் செல்வி எழுதுகிறாள். என் பேச்சைத் திருத்திப் புத்தகத் தமிழாக்கிவிடுகிறாள். சொன்னாலும் கேட்பதில்லை.

கல்யாண வழிமறிப்புப் பாட்டைக் கடைசியாகப் பாடியது எந்த வருஷம் என்று பல்கலைக்கழகத்து மேடம் கேட்டார். எங்கள் ஊருக்குக் கரண்ட் கம்பம் ஏறிய வருஷம். அன்னாசி விலைபோகாமல் ரோட்டோரம் அழுகிக் கிடந்த வருஷம். என் மகன் தவழ ஆரம்பித்த வருஷம். தேதி கேட்டால் நான் எங்கே போவேன்?

மேடம் ஒரு புதுப் படிப்பு தயார் செய்கிறார். ஆள் வாயிலும் கையிலும் மட்டும் இருக்கிற சொத்தை எப்படிக் காப்பது என்று அதில் சொல்லித்தருவார்களாம். பதினாறு வாரம். அதில் ஒன்பதாம் வாரம் எங்கள் மலை.

“தெரிஞ்சதெல்லாம் பாடுங்கய்யா.” செல்போனை எதிரே வைத்தார். பாடினேன். நன்றாகத்தான் வந்தது. காப்பி இரண்டு தம்ளர்.

ஐப்பசி 5, புதன்

தூறல். கொடி கட்டவில்லை. சோறு இறங்கவில்லை.

தப்பு செய்துவிட்டேன். இரண்டு பக்கத்தையும் நானே பாடிவிட்டேன்.

பெண் அழைத்து வரும்போது ஊர் எல்லையில் உலக்கையைக் குறுக்கே பிடிப்போம். மாப்பிள்ளை பக்கம் கேள்வி பாடும். பெண் பக்கம் பதில் பாடும். பதில் வந்தால்தான் உலக்கை உயரும், பெண் உள்ளே வரும். எங்கள் குடும்பம் கேள்விக்காரர். பதில் சடையன் குடும்பத்துக்கு. அவர்கள் பாட்டு நம் வாயில் வரக் கூடாது. வந்தால், ஒரு வள்ளம் சாமை அளந்து கொண்டுபோய் அவர்கள் வாசலில் வைத்து அனுமதி கேட்க வேண்டும். அவர்கள் அதை உள்ளே எடுத்தால் சரி என்று அர்த்தம்.

“மூணு மலை தாண்டி வந்தியே, முழங்கால் நனைச்ச ஆறு எது?” இது என்னுடையது.

“ஆறு நனைக்கல மச்சான், ஆத்தா கண்ணீர் நனைச்சது.” இது சடையனுடையது. எத்தனையோ கல்யாணத்தில் எதிரே நின்று கேட்டது, மேடம் கேட்டதும் தானாக வந்துவிட்டது.

செல்வியிடம் மேடத்துக்குப் போன் போடச் சொன்னேன். “அழிச்சுடுங்கம்மா, அது என்னுது இல்லீங்க.”

மேடம் ஏதோ தாளைப் புரட்டினார். பிறகு, “ஐயா, யார்கிட்ட அனுமதி வாங்கணும்னு எங்க படிவத்துல ஒரு இடம் இருக்கு. அதுல உங்க பேரை மட்டும்தான் போட்டேன். தப்பு என்னுதும்தான். அவங்க சரின்னு சொல்ற வரைக்கும் பாடத்துல சேர்க்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை வாரேன். திங்கள் பாடத்திட்டக் கூட்டம். அதுக்குள்ள இல்லைன்னா ஒன்பதாம் வாரத்தை எடுத்துடுவாங்க.”

எனக்கு அந்த வாரம் வேண்டும். வேண்டாம் என்று பொய் சொல்ல முடியவில்லை.

சடையன் போய்ப் பதினோரு மழை ஆகிவிட்டது.

ஐப்பசி 7, வெள்ளி

வெயில். கொடி கட்டினேன். சாமையைப் புடைத்துத் துணியில் கட்டி வைத்தாள் செல்வி. ஒரு வள்ளத்துக்குக் கொஞ்சம் கூடவே.

யாருக்கும் சொல்லாத ஒன்று. கரண்ட் கம்ப வருஷத்துக் கல்யாணத்தில் சடையனுக்குக் காய்ச்சல், குரல் அடைத்துவிட்டது. நான் கேட்டுவிட்டேன், பதில் இல்லை. உலக்கை குறுக்கேயே நிற்கிறது. பெண்ணுக்குப் பின்னால் பெட்டி சுமந்து நின்ற சடையனின் தங்கை, தலை குனிந்தபடி பதிலைப் பாடினாள். பெண்கள் பாடுகிற பாட்டில்லை அது. எல்லோரும் சடையன் பாடியதாகவே பேசிக்கொண்டோம். அவள் காதோரம் அன்று மஞ்சள் கனகாம்பரம்.

அவள் இப்போது பேளுக்குறிச்சியில், மகள் வீட்டில்.

ஐப்பசி 8, சனி

முதல் பஸ். மலைப்பாதை வளைவு முழுக்கச் சாமை மூட்டையை மடியில் பிடித்தபடி. பக்கத்துச் சீட்டுக்காரர், “ஏனுங்க, தங்கமா உள்ளே?”

சந்தைக் கூட்டம். வழி கேட்டுப் போனேன். வாசலில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க வெள்ளை. பார்த்ததும் கைத்தடியை எடுத்துக் கதவுக்குக் குறுக்கே வைத்தாள்.

“என்னத்தத் திருடிட்டு வந்தீங்க மாமா?”

“எப்படித் தெரியும்?”

“ஆம்பளை சாமையோட வாசல்ல நின்னா வேற எதுக்கு?”

சொன்னேன். அவள் மகள் சிரித்துவிட்டாள். இவள் சிரிக்கவில்லை.

“எங்கே, பாடுனதைச் சொல்லுங்க.”

சொன்னேன்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“அதுக்கப்புறம் ஒண்ணு இருக்குது. உலக்கை மேல போனதும் நீங்கெல்லாம் குலவை போட்டுக் கத்துவீங்க. அப்போ எங்கண்ணன் பொண்ணு காதுல ஒரு அடி சொல்லும். உங்களுக்குக் கேட்டிருக்காது.”

கேட்டதில்லை. ஒருமுறைகூட. நான் முடிந்துவிட்டது என்று நினைத்த பாட்டு முடியவே இல்லை.

“என்ன அடி புள்ள?”

“கெழவனானாலும் கேள்விக்காரர்தானே நீங்க. உங்களுக்கு எதுக்கு?”

மோர் கொடுத்தாள். படிவத்தைப் பற்றிச் சொன்னேன். “அண்ணன் பேரைப் போடுங்க. பொம்பளை பாடுனான்னு சிரிப்பாங்க.”

“செத்தவன் எப்படிச் சரி சொல்லுவான்?”

கையிலிருந்த புளியை முறத்தில் போட்டாள். பிறகு தடியை எடுத்துவிட்டு, சாமையை உள்ளே கொண்டுபோனாள். எனக்கு அது போதும்.

கிளம்பும்போது, “ஒண்ணு சொல்லிடுங்க மாமா. படிக்க வர்ற புள்ளைங்களை ரெண்டாப் பிரிக்கணும். கேக்குறவங்க ஒரு ரூம்பு, பதிலு ஒரு ரூம்பு. பதிலு புள்ளைங்களுக்குத்தான் அந்தக் கடைசி அடி. ஒரு பக்கத்துக்கு இன்னொரு பக்கம் தெரியக் கூடாது.”

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடமில்லை. கால் வலி தெரியவில்லை.

ஐப்பசி 9, ஞாயிறு

பனி விலகவில்லை. மேடம் வந்தார். நான் பாடிய பதிலை என் எதிரிலேயே செல்போனில் அழித்தார். இரண்டு ரூம்பு விஷயத்தைச் சொன்னேன்.

“பரீட்சை எப்படிங்கய்யா வைக்கிறது? பாதி பேருக்குப் பாதிதான் தெரியும்.”

“குறுக்கே உலக்கை வைங்கம்மா.”

சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு எழுதிக்கொண்டார். ஒன்பதாம் வாரத்தை அடித்துவிட்டு, முதல் வாரம் என்று போட்டார். யாரைக் கேட்பது என்பதைத்தான் முதலில் சொல்லித்தர வேண்டும் என்றார்.

படிவத்தை எடுத்தார். பதில் பக்கம், பாட்டுக்கு உரியவர். ஒவ்வொருவராகச் சொன்னேன். சடையன், இல்லை. அவன் தம்பி கந்தன், இல்லை. பெரியப்பன் மகன் வரதன், மரத்திலிருந்து விழுந்து போனான். இன்னொருவன் திருப்பூர் போய் அங்கேயே முடிந்தான்.

“அப்போ இருக்கிறது யாருங்கய்யா?”

செல்வியும் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

பாவாயி. சடையன் தங்கை.