அண்ணன் எழுதிய ஹவாய் நோட்டு

என் செல்வம் அண்ணனுக்கு,

நீ கண்ணை மூடி எட்டு மாதமாகிறது. இப்போதுதான் உன்னிடம் சொல்ல ஒரு சேதி கிடைத்திருக்கிறது. அந்த மேனேஜரை நாலு பேர் முன்னால் வைத்துப் பிடித்துவிட்டேன்.

உனக்குத் தெரிந்ததுதான், வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஹவாய்த் தீவுகளைச் சுற்றும் கப்பலில் பதினோரு வருடம் தட்டு கழுவினாய். கூட வேலை பார்த்த தீவுக்காரரிடம் அவர் மொழியைக் கற்றுக்கொண்டாய். கிட்னி கெட்டு நம் வீடிருக்கும் லேபர் கேம்புக்குத் திரும்பியபின், செம்பூரில் மொழி கற்றுத்தரும் ஆப் செய்யும் கம்பெனிக்காக, தினமும் பேசுகிற இங்கிலீஷ் வாக்கியங்களை ஹவாய் மொழியில் ஒரு நோட்டில் எழுதி, ஜெராக்ஸ் எடுத்துத் தந்தாய். ஒரு கையில் டயாலிசிஸ் ஊசி, மறு கையில் பேனா.

ஆப் வந்தபோது, எழுதியவர் என்று அதில் கம்பெனி மேனேஜரின் பெயர் இருந்தது. கேட்கப் போன உன்னிடம், தட்டு கழுவினவனுக்கு மொழி எங்கிருந்து வந்தது என்று சிரித்தானாம். நீ வீட்டுக்கு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். அப்புறம் நோட்டைத் தொடவே இல்லை.

நான் தொட்டேன் அண்ணே. வேலைக்குப் போகிற டிரெயினில் நின்றுகொண்டே முழுவதையும் மனப்பாடம் செய்தேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை கம்பெனி கூட்டம். யார் வேண்டுமானாலும் வரலாம் என்றார்கள், போனேன். ஹவாயிலிருந்து ஒரு டீச்சர் திரையில் பேசினார். இங்கிலீஷில் எல்லாவற்றுக்கும் ஒரே 'வீ' (we) தான், உங்கள் ஆப்பில் ஓரிடத்தில் 'காக்கோ', இன்னோரிடத்தில் 'மாக்கோ' என்று சரியாகப் பிரித்திருக்கிறீர்களே, எப்படி என்று மேனேஜரைக் கேட்டார். அவன் தண்ணீர் குடித்தான். டைப்பிங் மிஸ்டேக், திருத்திவிடுகிறோம் என்றான்.

நான் எழுந்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்: "மிஸ்டேக் இல்லை டீச்சர். கேட்கிறவரையும் சேர்த்துக்கொண்டால் காக்கோ, சேர்க்காவிட்டால் மாக்கோ. எங்கள் தமிழில் நாம், நாங்கள். இதை எழுதினது என் அண்ணன்."

நோட்டைத் தூக்கிக் காட்டினேன். ஒவ்வொரு பக்கத்திலும் உன் கையெழுத்து, தேதி.

வெளியே வராந்தாவில் அவன் கும்பிட்டான். வேலை போய்விடும், பிள்ளைகள் இருக்கிறார்கள், மன்னித்துவிடு என்று இந்தியில் கெஞ்சினான்.

"அஒலே" என்றேன்.

புரியாமல் விழித்தான். ஹவாய் மொழியில் 'இல்லை, முடியாது' என்று அர்த்தம். அவன் பெயர் போட்ட ஆப்பில் முதல் பாடத்திலேயே இருக்கிற வார்த்தை.

அவன் வேலை போய்விட்டது. ஆப்பில் இப்போது உன் பெயர். "போதும்ட்டி, அவன் பிள்ளையள நெனச்சுப் பாரு, விட்டுரு" என்கிறாள் அம்மா. நீ இருந்தால் நீயும் அப்படித்தான் சொல்வாயோ? சொன்னாலும் கேட்டிருக்க மாட்டேன். எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பிய உன் முதுகுதான்.

நெருளில் ஏதோ ஆபீசில் அவன் வேலை கேட்டிருக்கிறானாம். அவனுக்கு முன்னால் உன் நோட்டின் ஜெராக்ஸ் அங்கே போய்ச் சேரும். அதற்கடுத்த ஆபீசுக்கும் சேரும். உன் மேல் சத்தியம்.

மன்னிக்க மனசில்லாத உன் தங்கச்சி,
ராணி