தண்ணீர்த் தொட்டியின் மூடி

அப்பாவுக்கு,

நேற்று நீங்கள் போனில் சொன்னதும் மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டியின் மூடி திறந்துதான் கிடந்தது. மூடிவிட்டேன்.

பிறகுதான் யோசித்தேன். இந்தத் தெருவிலேயே எங்கள் மாடிதான் உயரம். நீங்கள் கடைசியாக இங்கே வந்து இரண்டு மாதமாகிறது. மூடி திறந்திருப்பது உங்களுக்கு எப்படித் தெரிந்தது? பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர் ஊரில் இல்லை.

நீங்கள் தினமும் எங்கே போகிறீர்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். "ப்ளேனைத் துடைக்கத்தான் போறாராம். அந்த இன்ஜினுக்குக் கிடைக்கிற கவனிப்புல கால்வாசி கிடைச்சிருந்தா நான் இன்னும் குமரியா இருந்திருப்பேன்டி" என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

உங்களுடைய அந்த இரண்டு இருக்கை விமானத்தின் மேல் எனக்கும் கொள்ளை ஆசை. பழைய ஜீப்பில் கட்டி அதை வெளியே இழுத்து வருவோம். இன்ஜின் முதலில் இருமும், நீலப் புகை கக்கும், பிறகு என் பற்கள்வரை அதிரும். பின் இருக்கையிலிருந்து "இன்னும் மேல போங்கப்பா!" என்று கத்துவேன்.

ஆனால் போன மாதம் நான் அங்கே வந்திருந்தபோது, நீங்கள் சாப்பாட்டு மேசையில் மயங்கிச் சரிந்தபோது தலையைத் தாங்கிப் பிடித்தவளும் நான்தான். இனிப் பறக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னபோதும் பக்கத்தில் இருந்தேன்.

மூடியை நீங்கள் மேலே பறந்துதான் பார்த்தீர்கள் என்று அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிறேன். என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கிளம்புங்கள். மயக்கம் வராது என்று உண்மையாகவே நம்பினால் தயங்க மாட்டீர்கள்.

தயங்கினால், விமானத்தின் சாவியை என்னிடம் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் மகள்