அந்தப் பக்கம் ஓர் அடி

பெயிண்ட் வாசனை இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. அத்துமீறி நுழையாதே என்று செம்பனைத் தோட்டத்து கேட்டில் தொங்கும் அந்தப் பலகைக்குப் புதிதாகச் சிவப்புப் பூசியிருக்கிறார்கள். ‘டிரெஸ்பாஸ்’ என்ற சொல் போன வருடத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது. இன்று கல்லறைத் திருநாள். ரஹாங்கில் உள்ள என் வீட்டிலிருந்து பஸ் ஏறி நான் மட்டும் போயிருந்தேன்.

போன வருடம் நாம் இருவரும் அதே பலகைக்குக் கீழேதான் நின்றோம். தோட்டம் கைமாறிய பிறகு, உள்ளே இருக்கும் நம் பழைய இடுகாட்டுக்கு வழி அடைபட்டுவிட்டது. உன் வீட்டுக்காரர் உள்ளே மண்ணுக்குள், நீ கையில் மெழுகுவர்த்தியோடு வெளியே. கேட்டைக் காவல் காக்கும் ஜாகா, நரைத்த மீசைக்காரர், “பெர்மிஷன் இல்லாம விட முடியாதுலா அக்கா. கேமரா இருக்கு, என் வேலை போயிரும்” என்று சொல்லி மேனேஜருக்குப் போன் போட்டார். பேச்சில் போலீஸ் என்று காதில் விழுந்ததும் நான் இரண்டடி பின்னால் போய் நின்றேன்.

நீயோ சாவகாசமாகக் கைப்பேசியில் அந்தச் சொல்லைத் தேட ஆரம்பித்துவிட்டாய். “இங்கிலீஷ் பூசையில இதே சொல்ல வச்சுத்தானே வாராவாரம் மன்னிப்புக் கேக்கிறோம்? இங்க பாருடி, லத்தீன்ல டிரான்ஸ்னா அந்தப் பக்கம், பாஸுஸ்னா காலடியாம். அந்தப் பக்கம் அடி எடுத்து வைக்கிறது, அவ்வளவுதான். குத்தம் பாவமெல்லாம் பின்னால வந்து ஒட்டிக்கிட்டது.” பிறகு ஜாகா பக்கம் திரும்பினாய். “பழைய பிரெஞ்சுல செத்துப் போறதுக்கும் இதே சொல்லுதானாம். அப்ப உள்ள படுத்திருக்கிறவங்க எல்லாருமே டிரெஸ்பாஸ் பண்ணவங்கதான். மொதல்ல அவங்கள வெளிய அனுப்புங்க.”

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையைக் குனிந்தார். மேனேஜர் முடியாது என்றுவிட்டார். நீ கேட் ஓரமாக ஏற்றிய மெழுகுவர்த்தியைக் காற்று அணைத்துவிட்டது. திரும்பும்போது பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்திருந்தாய். தவக்காலத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாய்: “அடுத்த கல்லறைத் திருநாளுக்குக் கேட்டுலயே நின்னுறாதடி.”

உனக்குத் தெரியாதா, நான் ஆளில்லாத சாலையிலும் சிவப்பு விளக்குக்கு நிற்கிறவள். இன்றும் அதே ஜாகாதான்.

“அந்த அக்கா வரலையா?”

“இறந்துட்டாங்க.”

தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “நீங்க உள்ள போனா நான் போன் பண்ணித்தான் ஆவணும்.”

“பண்ணுங்க. உங்க வேலைய நீங்க பாருங்க.”

கேட் ஓரம் மோட்டார் சைக்கிள் நுழையும் சந்தில் காலை அந்தப் பக்கம் வைத்தேன். பின்னால் அவர் குரல் கேட்டது. “ஒரு அக்கா உள்ள போறாங்க சார். இல்ல சார், திருடல்லாம் இல்ல. நடக்கிறாங்க. சும்மா நடந்துதான் போறாங்க.”

கல்லறை மேல் விழுந்து கிடந்த செம்பனை ஓலைகளை இழுத்துப் போட்டு, உன் வீட்டுக்காரரின் பெயரைத் துடைத்தேன். அவருக்கு ஒன்று, உனக்கு ஒன்று ஏற்றினேன். மரங்களுக்கு நடுவே காற்றே இல்லை, இரண்டும் நின்று எரிந்தன. உன்னை நினைத்து அங்கேதான் வாய்விட்டு அழுதேன்.

இதை எழுதும்போது வாசலில் ஒரு கார் வேகம் குறைகிறது. பயமாகத்தான் இருக்கிறது. செருப்பில் அந்தப் பக்கத்துச் செம்மண் அப்படியே இருக்கிறது, கழுவவில்லை. யாராவது வந்து கேட்டால் அதைத்தான் எடுத்துக் காட்டப் போகிறேன்.