பிறந்ததிலிருந்தே லைன்தான்

ஆடலூர்,
22.2.2025, சனிக்கிழமை காலை

அன்புள்ள தேவிக்கு,

இங்கே அப்பா, தமிழ்மதி, நான் மூவரும் சுகம். உன் இருமல் நின்றதா இல்லையா என்பதை மறைக்காமல் எழுது. போனில் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த நொடியே இருமுகிறாய்.

அன்னக்கொடி அக்காவின் மகள் லீவு முடிந்து இன்று மத்தியானம் உன் மில்லுக்கே திரும்புகிறாள். அவள் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். நாளை ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்வதற்கு முன்னால் இதைப் படித்துவிட வேண்டும். ஹாஸ்டல் வார்டன் கொடுக்கிற பத்து நிமிடத்தில், உனக்குப் பின்னால் நாலு பெண்கள் வரிசையில் நிற்கும்போது சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது. கோபம் வந்தால் பாதியில் மடித்து வைத்துவிடாதே. கடைசி வரை படி.

போன ஞாயிறு உன்னிடம் என்ன சொன்னேன்? ஒட்டன்சத்திரத்தில் லாரி வேலை கிடைத்துவிட்டது, மாதம் முப்பதாயிரம், படி தனி என்றேன். நீ "நெசமாவா மாமா" என்று மூன்று தடவை கேட்டாய். அப்புறம் அழுதாய். மாதக் கடைசியோடு நின்றுகொள்வதாக வார்டனிடம் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன் என்றாய். சொல்லியும் இருப்பாய், எதையும் தள்ளிப்போடுகிறவள் இல்லை நீ. அந்த முப்பதாயிரம் இப்போது இல்லை, தேவி. என் வாயாலேயே அதைக் கெடுத்துக்கொண்டேன். வேலையே இல்லை என்று நினைத்துப் பயந்துவிடாதே. நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

ஹெவி லைசென்ஸ் கைக்கு வந்த இந்த ஐந்து மாதத்தில் நான் ஏறி இறங்காத இடம் இல்லை. மன்னவனூரில் உருளைக்கிழங்கு ஏற்றுகிறவர், முதலில் கிளீனராக இரு, பிறகு பார்க்கலாம் என்றார். திண்டுக்கல்லில் ஒருவர் மூன்று வருட அனுபவம் கேட்டார். அனுபவத்துக்கு எங்கே போவது என்று கேட்டேன். வண்டி ஓட்டினால் தானாக வரும் என்றார். அவர் வண்டியைத் தர மாட்டார், அனுபவம் மட்டும் வர வேண்டும். வத்தலக்குண்டில் சம்பளமே கிடையாது, படி மட்டும்தான் என்றார்கள். இதையெல்லாம் உன்னிடம் பாதிதான் சொல்லியிருக்கிறேன். நீ அங்கே பஞ்சுத் தூசியில் நிற்கும்போது இந்தக் கதையெல்லாம் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

கடைசியாகத்தான் ஒட்டன்சத்திரத்தில் நல்லுசாமி என்கிறவரைப் பார்த்தேன். ஆறு லாரி வைத்திருக்கிறார். நாசிக்கிலிருந்து வெங்காயம் கொண்டுவருவதுதான் அவருக்குப் பெரிய தொழில். என் லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "லைன்ல இருந்திருக்கியாப்பா?" என்றார்.

நான் என்ன சொல்வேன்? இருந்ததைச் சொன்னேன். "பொறந்ததுலருந்தே லைன்தாங்க. எங்கப்பாவும் லைன்லதாங்க இருக்காரு. எங்க தாத்தா சிலோன்ல இருந்த காலத்துலருந்தே லைன்தாங்க" என்றேன். தாத்தா லயம் என்பார், நமக்கு லைன். எஸ்டேட்டில் பத்து வீடு ஒட்டி நிற்கிற வரிசைக்கு வேறு என்ன பெயர் இருக்கிறது?

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "மூணு தலைமுறையாவா?" என்று கேட்டு எனக்கும் ஒரு நாற்காலியைப் போடச் சொன்னார். டீ வந்தது. அப்பா பெயரைக் கேட்டார். நல்லையா என்றதும், கேள்விப்பட்டிருக்கிறேன் என்று வேறு சொன்னார். நம் அப்பாவை ஒட்டன்சத்திரத்தில் யார் கேள்விப்பட்டிருக்கப் போகிறார்கள்? அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் என்னை 'லைன் பயல்' என்றுதான் கூப்பிடுவார்கள், உனக்குத் தெரியும். நாங்கள் உன்னைப் பெண் கேட்டு வந்தபோது உன் சித்தப்பா கூட லைன் வீடா என்று முகத்தைச் சுளித்தார். லைன் என்று சொன்னதற்காக ஒரு மனிதர் எனக்கு நாற்காலி போட்டது இதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் அறிவு வேலை செய்யவில்லை. அதே சந்தோஷத்தோடுதான் உன்னிடமும் பேசினேன்.

செவ்வாய்க்கிழமை அவருடைய ஷெட்டுக்குப் போனேன். சண்முகராஜ் என்று ஒருவர், அங்கே எல்லாருக்கும் மூத்த டிரைவர். "நீ எந்த லைன்லப்பா இருந்த? நாசிக்கா, கல்கத்தாவா?" என்று கேட்டார். "மேல் லைனுங்க. ஏழாம் நம்பர் வீடு" என்றேன். மனிதர் வாயில் இருந்த டீயைத் துப்பிவிட்டார். சிரித்து முடித்த பிறகுதான் விளக்கினார். லாரிக்காரர்களுக்கு லைன் என்றால் தூரத்து ஓட்டமாம். வடக்கே நாள்கணக்காக ஓட்டிப் போகிற ரோட்டுக்குத்தான் அந்தப் பெயர். நான் மூன்று தலைமுறை டிரைவர் குடும்பம் என்று முதலாளி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. சண்முகராஜ் அண்ணன் நல்ல மனிதர்தான். "வாயத் தொறக்காத. ரெண்டு நடை என்கூட வா, தானாப் பழகிரும்" என்றார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். நீ வார்டனிடம் சொல்லிவிட்டாய், மாதக் கடைசிக்குப் பத்து நாள்தான் இருந்தது. தமிழ்மதி வேறு, அம்மா வரப்போகிறாள் என்று அங்கன்வாடியில் ஒருவர் விடாமல் சொல்லி வைத்திருக்கிறாள்.

புதன்கிழமை அந்த நாசிக் வண்டியில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். பன்னிரண்டு சக்கரம். கண்ணாடியில் பார்த்தால் பின்பக்கம் போய்க்கொண்டே இருக்கிறது. ஷெட்டுக்குள்ளேயே கொஞ்சம் பின்னால் எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன். சுவரை இடிக்க ஒரு சாண் இருக்கும்போது சண்முகராஜ் அண்ணன் கத்தினார். சுவராக இருந்ததால் சரி. அங்கே ஒரு ஆள் நின்றிருந்தால் என்ன ஆகும் என்று நினைத்ததுமே எஞ்சினை அணைத்துவிட்டேன். ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்தார். பிறகு "அப்ப லைன்னா வீடா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். கணக்கு எழுதுகிற பெண் மேசைக்குக் கீழே குனிந்து சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "பாதி வழியில தெரிஞ்சிருந்தா செருப்பக் கழட்டியிருப்பேன். இப்பவே வந்து சொன்ன, பொழச்ச" என்றார். நாசிக் வண்டி எனக்கு இல்லை என்றார். தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். அந்த நேரம் உன் முகம்தான் நினைவில் இருந்தது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை.

பஸ்ஸில் ஏறப் போகும்போது போன் வந்தது. முதலாளிதான். மலையில் என்ன ஓட்டியிருக்கிறாய் என்று கேட்டார். நாலு வருடம் எஸ்டேட் பிக்கப் ஓட்டியதையும், போன வருடம் வாழைக்காய் வியாபாரியின் ஐச்சர் லாரியை, அவருடைய டிரைவர் காய்ச்சலில் படுத்திருந்த மாதம் முழுக்க மலையில் இறக்கியதையும் சொன்னேன். அதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று எரிந்து விழுந்தார். யாரும் கேட்கவில்லை, தேவி. எல்லாரும் நாசிக்கையும் கல்கத்தாவையும்தான் கேட்டார்கள். நம் மலையில் ஓட்டுவதும் ஒரு அனுபவம் என்று எனக்கே தோன்றவில்லை.

அவருக்கும் ஒரு ஐச்சர் நம் பக்கம் சவ்சவ்வும் மலைவாழையும் எடுக்க வருகிறது. ஒரு வருடத்தில் மூன்று டிரைவர் மாறிவிட்டார்களாம். எல்லாரும் சமதரையில் ஓட்டிப் பழகியவர்கள். இறக்கம் முழுக்கப் பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வருவார்கள், கீழே வரும்போது தீய்ந்த வாடை அடிக்கும்.

நேற்று வெள்ளனே என்னை வரச் சொல்லி, அந்த ஐச்சரை என்னிடம் கொடுத்து, அவரே என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். நம் ஊருக்குத்தான் வந்தோம். அப்பாவைக் கூடப் பார்க்காமல் லோடு ஏற்றினேன். இறங்கும்போது நல்ல மூட்டம். எந்தக் கியரில் ஏறுவேனோ அதே கியரில்தான் இறக்கினேன். வளைவுக்கு வளைவு ஹாரன். மூன்றாவது வளைவில் நம்ம பஸ் ஏறி வந்தது. ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும், அதனால் இருபதடி பின்னால் எடுத்து மண்ணோரம் ஒதுக்கி நின்றேன். பஸ் டிரைவர் கையைத் தூக்கிவிட்டுப் போனார். முதலாளி மேலே இருந்த கம்பியைப் பிடித்த பிடியை விடவேயில்லை. "ஏன்யா இவ்ளோ மெதுவாப் போற?" என்று ஒரு தடவை கேட்டார். "இதுக்கு மேல போனா என்னால நிறுத்த முடியாதுங்க" என்றேன். அப்புறம் கேட்கவில்லை.

அடிவாரத்தில் இறங்கி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையை வைத்து வைத்துப் பார்த்தார். சூடு இல்லை. வாடையும் இல்லை. மறுபடி ஏறி உட்கார்ந்து, "திங்கக்கிழமையிலருந்து இந்த வண்டிய நீ எடுத்துக்க" என்றார்.

சம்பளம் இருபத்திரண்டாயிரம். படி தனி. ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றார், அதையும் உன்னிடம் மறைக்கவில்லை. வண்டியைச் சாயந்திரம் நம் ஊரிலேயே போட்டுக்கொள்ளலாம். காலையில் லோடோடு இறங்கினால், திரும்பும்போது உரமோ சிமெண்டோ ஏற்றிக்கொண்டு பொழுது சாய வீட்டுக்கு வந்துவிடலாம். நாசிக் வண்டி என்றால் மாதத்தில் நாலு நாள்தான் வீடு. அந்தக் கணக்கை முதலில் நான் போட்டே பார்க்கவில்லை. நீ வந்துவிடுவாய், நான் போய்விடுவேன் என்று ஆகியிருக்கும்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். மூன்றாம் தலைமுறை டிரைவருக்கு அப்பன் நான், எனக்கும் ஒரு லைசென்ஸ் எடுத்துக் கொடு என்கிறார். மூட்டுவலி இருந்தாலும் மிளகு பறிக்கப் போகிறார், சொன்னால் கேட்பதில்லை. தமிழ்மதிக்கு முன்பல் ஒன்று ஆடுகிறது. நீ வந்துதான் பிடுங்க வேண்டுமாம், என்னைத் தொடவே விடுவதில்லை.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். எட்டாயிரம் குறைந்துவிட்டதே என்று நீ கணக்குப் போடுவாய். இன்னும் ஆறு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று வார்டனிடம் போய் நிற்பாய். நீ அப்படிச் செய்யக்கூடியவள்தான், அதனால்தான் இதை எழுதவே பயந்தேன். செய்யாதே. முப்பது என்று நான் சொன்னபோது நீ அழுதது பணத்துக்காக என்று நான் நம்பவில்லை. ஒன்றரை வருடமாக இந்த வீட்டை நீதான் இழுத்துக்கொண்டு வந்தாய். நான் லைசென்ஸை வைத்துக்கொண்டு ஊர் சுற்றிய நாளெல்லாம் நீ நின்றுகொண்டே நூல் ஓட்டினாய். உனக்கு முன்னால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதைத் தீர்க்க வேண்டும் என்றுதான் அவ்வளவு பெரிய தொகையைப் போனில் அவ்வளவு சத்தமாகச் சொன்னேன்.

வருகிற வெள்ளிக்கிழமை உன் பெட்டியோடு ஒட்டன்சத்திரத்தில் வந்து இறங்கு. மத்தியானத்துக்குள் லோடு இறக்கிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே வண்டியோடு நிற்பேன். முதலாளியிடம் அனுமதி கேட்டுவிட்டேன். பொண்டாட்டியை ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, இதையெல்லாமா கேட்பாய் என்று திட்டினார். நீயும் திட்டுவதாக இருந்தால் போனில் திட்டாதே. வண்டியில் ஏறி, என் பக்கத்தில் உட்கார்ந்து, ஆடலூர் வரும் வரைக்கும் திட்டு. நான் மெதுவாகத்தான் ஓட்டுவேன்.

நீ நல்லபடியாக வந்து சேர முருகன் துணையிருக்கட்டும்.

உன்னை எதிர்பார்த்து நிற்கும்
யோகேஷ்